நீண்ட படப்பிடிப்பில் யூனிட் சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது, ஐம்பது நாளைத் தாண்டும் படப்பிடிப்புக்குக் கிளம்பும் இணை இயக்குநர்களும், தயாரிப்பு நிர்வாகிகளும், முதல் படம் எடுக்கப்போகும் இயக்குநர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. தூக்கத்தைப் பற்றி நிறையச் சொல்லவேண்டியிருக்கிறது. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

யூனிட் சோர்ந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

யாரும் வந்து "என்னால முடியலை" என்று சொல்லமாட்டார்கள். அடுத்த படத்துக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால் வேறு இடங்களில்தான் தேடவேண்டும்.

வாக்கிடாக்கியைக் கவனியுங்கள். முதல் வாரத்தில் அதில் கிண்டலும் கேலியுமாக ஓடும். அலுப்புத் தட்டியதும் "சரி", "வருது", "ஆச்சு" என்று ஒற்றைச் சொல்லில் பேச்சு முடிந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் கேமரா ஆட்கள் ஒரு மூலையிலும் ஆர்ட் ஆட்கள் ஒரு மூலையிலுமாக உட்கார ஆரம்பிப்பார்கள். கன்டினியூட்டி தவறுகள் கூடும்: போன ஷாட்டில் இடது தோளில் தொங்கிய பை இந்த ஷாட்டில் வலது தோளுக்குப் போயிருக்கும், மூன்று பேர் பார்த்தும் யார் கண்ணிலும் பட்டிருக்காது. விரலில் வெட்டு, விளக்கில் பட்ட சூடு என்று முதலுதவிப் பெட்டி அடிக்கடி திறக்கும்.

இயக்குநரிடமும் ஒரு அடையாளம் தெரியும். மானிட்டரைப் பார்த்து "ஓகே" சொல்வது சீக்கிரமாகிவிடும். ஷாட் பிடித்துப்போய் வருகிற ஓகே வேறு, அடுத்ததுக்குப் போனால் போதும் என்று வருகிற ஓகே வேறு. பக்கத்தில் நிற்கும் உதவி இயக்குநருக்கு அது இயக்குநருக்கு முன்பே தெரிந்துவிடும். அதை அவர் பயப்படாமல் சொல்லலாம் என்று முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்டத்தில் இது வரும்?

நடுவில். தொடக்கத்தில் உற்சாகம் தானாக ஓடும், கடைசியில் முடியப்போகிறது என்ற நினைப்பே தள்ளிக்கொண்டுபோகும். நடுப்பகுதியில் இரண்டுமே கிடையாது. ஐம்பது நாள் படப்பிடிப்பில் பதினெட்டாவது நாளிலிருந்து முப்பத்தைந்தாவது நாள் வரை ஜாக்கிரதையாக இருங்கள்.

ஷெட்யூல் போடும்போதே இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். படத்தின் மிகக் கனமான காட்சியை முதல் வாரத்தில் வைத்தால் நடிகர்களுக்கும் ஒளிப்பதிவாளருக்கும் ஒருவரை ஒருவர் இன்னும் பிடிபட்டிருக்காது. நடுவில் வைத்தால் யாரிடமும் தெம்பு இருக்காது. இரண்டாவது வாரம் நல்ல இடம். நடுப்பகுதிக்குள் வேறு லொகேஷனுக்குப் போகிற மாதிரி ஒரு மாற்றமும், சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுமுறையும் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரே வீட்டுக்குள் இருபத்தைந்து நாள் எடுக்கிற படங்களில்தான் யூனிட் சீக்கிரம் வாடிப்போகிறது. அங்கே வெளிப்புறக் காட்சிகளை மொத்தமாகக் கடைசிக்குத் தள்ளாமல் இடையிடையே தூவிவிடுங்கள்.

ஒரு நாள் முடிந்து மறுநாள் தொடங்க எவ்வளவு இடைவெளி விடவேண்டும்?

குறைந்தது 10 மணி நேரம், முடிந்தால் 12. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஏமாற்று நடப்பது கணக்குப் போடும் விதத்தில்.

இரவு 10 மணிக்கு பேக்கப், மறுநாள் முதல் ஷாட் காலை 8 மணிக்கு, பத்து மணி நேரம் இருக்கிறதே என்பார் இயக்குநர். லைட்மேனின் கணக்கைப் பாருங்கள். கேபிள் சுருட்டி, ஸ்டாண்டுகளை மடக்கி வண்டியில் ஏற்றி அவர் கிளம்பும்போது 11.15. தங்கும் இடத்துக்குப் போய்ச் சேர 12. எட்டு மணி ஷாட்டுக்கு அவர் 6 மணிக்கே லொகேஷனில் இருக்கவேண்டும், அதற்கு 4.45-க்கு எழுந்தாகவேண்டும். கைகால் கழுவிப் படுக்கிற நேரத்தைக் கழித்தால் நாலு மணி நேரத் தூக்கம்தான். மேக்கப், காஸ்ட்யூம் ஆட்கள் காலையில் இன்னும் முன்னால் வந்தாகவேண்டும். இயக்குநர் மட்டும் ஏழு மணி நேரம் தூங்கிவிட்டு வந்து, ஏன் எல்லோரும் மந்தமாக இருக்கிறார்கள் என்று ஆச்சரியப்படுவார்! ஓய்வு நேரத்தை ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக, அந்தத் துறையில் கடைசியாகக் கிளம்புகிறவர் தங்கும் இடத்தில் கால்வைத்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். கால்ஷீட்டில், அதாவது மறுநாள் வேலைத் திட்டம் எழுதிய தாளில், துறைவாரியாக வரும் நேரம் போடுவதே அதற்குத்தான்.

இது வெறும் மனிதாபிமானம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைக்கவேண்டாம். 1997-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று காட்டியது. பல நாடுகளில் வண்டி ஓட்டத் தடை தொடங்கும் அளவு அது. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவீதத்துக்குச் சமம். அதே 1997-ல் அமெரிக்காவில் ஓர் உதவி ஒளிப்பதிவாளர் 19 மணி நேர வேலைநாளை முடித்துவிட்டு வீட்டுக்குக் காரோட்டிப் போகும்போது தூங்கி, விபத்தில் இறந்துபோனார். நாளுக்கு 14 மணி நேரம்தான் உச்சவரம்பு என்று கேட்டு அங்குள்ள திரைக்கலைஞர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டார்கள். ஒளிப்பதிவாளர் ஹாஸ்கல் வெக்ஸ்லர் 2006-ல் இதற்கென்றே ஓர் ஆவணப்படம் எடுத்தார். அப்படியும் அங்குள்ள திரைப்படத் தொழிலாளர்களின் ஐ.ஏ.டி.எஸ்.இ. தொழிற்சங்கம் 2021-ல் வேலைநிறுத்தத்தின் விளிம்பு வரை போனபிறகுதான் தினமும் 10 மணி நேர ஓய்வும், ஐந்து நாள் வேலை வாரத்துக்கு 54 மணி நேர வார விடுமுறையும் ஒப்பந்தத்தில் ஏறின.

உங்கள் படத்துக்கு எந்தச் சங்க விதியும் பொருந்தாமல் இருக்கலாம். ஒரு விதியையாவது நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்: 14 மணி நேரத்தைத் தாண்டிய நாளில் யூனிட்டில் யாரும் சொந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. அன்று வண்டி ஓட்டப்போகிற டிரைவரும் பகலெல்லாம் லொகேஷனில் விழித்துக்கிடந்தவராக இருக்கக்கூடாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

இரவுப் படப்பிடிப்பு தொடர்ந்து பத்து நாள் வருகிறது. எப்படிச் சமாளிப்பது?

பத்து இரவையும் ஒரே கொத்தாக வையுங்கள். இரண்டு நாள் இரவு, ஒரு நாள் பகல், மறுபடி இரவு என்று மாற்றிமாற்றிப் போடுவதைப் போல உடம்பைக் கெடுப்பது வேறில்லை. பகலிலிருந்து இரவுக்கு மாறும்போது ஒரு முழுநாள் ஓய்வு வேண்டும். திரும்பப் பகலுக்கு வரும்போதும் அப்படியே.

விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் உடம்பு அதன் அடிமட்டத்தில் இருக்கும். சண்டைக்காட்சி, உயரத்தில் ஏறுவது, தண்ணீர், நெருப்பு எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம். அந்த நேரத்துக்கு இன்சர்ட் ஷாட்டுகளை (கடிகாரம், கடிதம், கை என்று ஒரு பொருளை மட்டும் நெருக்கத்தில் காட்டும் ஷாட்டுகள்) ஒதுக்கிவையுங்கள். காபி, தேநீரை முன்னிரவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடித்தவர் காலையில் படுக்கையில் புரண்டுகொண்டிருப்பார். இடைவேளையில் இருபது நிமிடம் கண்ணயர ஓர் இருட்டறையும் நாலு பாயும் போட்டுவைத்தால், அந்தச் செலவு ஷாட்டுகளில் திரும்பி வந்துவிடும்.

இடைவேளையே இல்லாமல் பத்து மணி நேரம் ஓட்டிச் சீக்கிரம் முடித்துவிட்டால்?

முடியும். பல நாடுகளில் செய்கிறார்கள். சாப்பாட்டை நாளெல்லாம் தயாராக வைத்து, ஒவ்வொரு துறையும் மாறிமாறிச் சாப்பிட்டுவிட்டு வரும், பத்து மணி நேரத்தில் கடையைக் கட்டிவிடுவார்கள். சாயங்காலம் குடும்பத்தோடு இருக்கலாம் என்பதால் யூனிட்டுக்கும் பிடிக்கும். ஆனால் லென்ஸின் ஃபோகஸைச் சரிபார்த்தபடி கேமராவை விட்டு நகரமுடியாத ஃபோகஸ் புல்லர், பூம் எனும் நீளக்கம்பி மைக்கைத் தலைக்குமேல் பிடித்தபடி நிற்கும் ஒலிப்பதிவு உதவியாளர் போன்றவர்களுக்கு மாற்று ஆள் இருந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லாவிட்டால் மற்றவர்கள் சாப்பிடுவார்கள், அந்த இரண்டு பேர் பட்டினி.

சாதாரண நாளில், வேலை தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் சூடான சாப்பாடு. தள்ளிப்போகும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இயக்குநருக்கு ஒரு சாப்பாடு, மற்றவர்களுக்கு வேறு சாப்பாடு என்றிருந்தால், நீங்கள் மைக் பிடித்து "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று பேசாமல் இருப்பது நல்லது.

இயக்குநரின் கற்பனை வறண்டுபோகாமல் இருக்க என்ன வழி?

இயக்குநரிடம் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கேள்விகள் வரும். திரைச்சீலை நீலமா பச்சையா, காலணி தெரியுமா தெரியாதா, அந்தக் குழந்தை நாளைக்கும் வேண்டுமா. காலை பத்து மணிக்கே முடிவெடுக்கும் திறன் தீர்ந்துபோனால், மூன்று மணிக்கு வருகிற முக்கியமான ஷாட்டுக்கு அவரிடம் மிச்சம் எதுவும் இருக்காது. ஆகவே கேள்விகளைக் குறைப்பதுதான் முதல் வேலை. சின்ன முடிவுகளை முந்தின வாரமே எடுத்துவிடுவது, துறைத்தலைவர்கள் தாங்களே முடிவுசெய்யலாம் என்று சில விஷயங்களை எழுத்தில் ஒப்படைப்பது, மானிட்டர் பக்கம் வருகிற கேள்விகளை ஒரே ஓர் உதவி இயக்குநர் வாங்கி வடிகட்டுவது. மூன்றையும் செய்கிற இயக்குநர் சாயங்காலமும் தெளிவாக இருப்பார்.

ஒத்திகையும் இதில் சேர்த்திதான். அமெரிக்க இயக்குநர் சிட்னி லூமெட் படப்பிடிப்புக்கு முன் நடிகர்களோடு வாரக்கணக்கில் ஒத்திகை பார்ப்பது வழக்கம். அவர் வேகமாகப் படமெடுத்ததும் அதனால்தான். காட்சியின் கேள்விகள் செட்டுக்கு வருவதற்கு முன்பே தீர்ந்திருந்தன.

அப்புறம், எடிட்டரோடு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் உட்காருங்கள். எடுத்தது ஒட்டுகிறதா என்று தெரியாமல் நாற்பது நாள் ஓடுவதுதான் பெரிய களைப்பு.

பதினான்காவது டேக். இன்னும் வரவில்லை. எல்லோரும் களைத்துவிட்டார்கள். என்ன செய்வது?

பதினைந்தாவது டேக்கை அதே மாதிரி எடுக்காதீர்கள்.

ஒரு காட்சியை வைத்துச் சொல்கிறேன். மனைவி அறைக்குள் வருகிறாள், கணவன் ஜன்னலோரம் நிற்கிறான். "நான் போறேன்" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். டேக் மூன்றில் கொஞ்சம் தட்டையாக வந்தது. இயக்குநர் "இன்னும் கொஞ்சம் வலியோட" என்றார். டேக் ஏழில் வலி கூடிப்போய் நாடகமாகிவிட்டது. "கொஞ்சம் குறைச்சுக்கலாம்." டேக் பதினொன்றில் நடிகைக்குத் தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்கிறது. அதற்குள் டிராலி தள்ளுகிறவர் அந்த வசனத்தை உதட்டசைவில் கூடவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஃபோகஸ் புல்லருக்குக் கண் எரிகிறது. யாரும் எதுவும் பேசவில்லை, ஆனால் எல்லோரும் நடிகையைத்தான் பார்க்கிறார்கள், அது அவருக்கும் தெரிகிறது.

இந்த இடத்தில் "கூட்டு", "குறை" என்று இன்னொரு அளவு சொல்வதில் பயனில்லை. கையில் ஒரு வேலை கொடுங்கள். மடிக்காத துணிக் குவியல் ஒன்று கட்டிலில் கிடக்கட்டும். அவள் வந்து அதை மடிக்க ஆரம்பிக்கட்டும். பாதி மடிப்பில், அவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் அந்த வரியைச் சொல்லட்டும். நடிகையின் கவனம் குரலை விட்டுக் கைக்குப் போய்விடும். ஒளிப்பதிவாளருக்கும் புதிதாகப் படம்பிடிக்க ஒன்று கிடைக்கிறது. டிராலிக்காரரும் நிமிர்ந்துவிடுவார், ஏனென்றால் இப்போது நகரவேண்டிய நேரம் மாறிவிட்டது.

அதுவும் வேலைக்கு ஆகவில்லையா? பத்து நிமிடம் எல்லோரையும் வெளியே அனுப்புங்கள், நடிகர்கள் இருவரோடும் தனியாக இருங்கள். காரணம் நடிகர் இல்லை, காட்சியே தப்பாக எழுதப்பட்டிருக்கிறது என்று சந்தேகம் வந்தால் அதை விட்டுவிட்டு வேறு காட்சிக்குப் போவதில் வெட்கமில்லை. ஆனால் அந்த முடிவை ஐந்தாவது டேக்கில் எடுத்தால்தான் அழகு.

பெரிய படங்களெல்லாம் கஷ்டப்பட்டுத்தானே எடுக்கப்பட்டன?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் உதாரணம் கொப்போலாவின் வியட்நாம் போர்ப் படமான அப்போகலிப்ஸ் நவ். பிலிப்பைன்ஸில் 1976-ல் தொடங்கிய அந்தப் படப்பிடிப்பில் புயலில் செட்டுகள் நாசமாகி வேலை வாரக்கணக்கில் நின்றது. 36 வயதான நாயகன் மார்ட்டின் ஷீனுக்கு 1977 மார்ச்சில் மாரடைப்பு வந்தது. முடிய 238 படப்பிடிப்பு நாட்கள் ஆயின. படம் அபாரம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே அளவு வதைபட்டு எடுத்து யாரும் பார்க்காமல் போன படங்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. கஷ்டம்தான் படத்தை நன்றாக்கியது என்று முடிவுகட்ட நம்மிடம் ஆதாரம் கிடையாது.

எதிர்ப்பக்கத்தில் ஹாலிவுட் நடிகரும் இயக்குநருமான கிளின்ட் ஈஸ்ட்வுட்டைப் பாருங்கள். குறைந்த டேக்குகள், ஷெட்யூலுக்கு முன்பே முடிப்பது, செட்டில் சத்தமே இல்லாதது. "ஆக்‌ஷன்" என்று கத்துவதுகூட அவருக்குப் பிடிக்காது. மேற்கத்தியத் தொடர்களில் நடித்த காலத்தில் அந்தச் சத்தத்துக்குக் குதிரைகள் மிரளும் என்பது அவர் சொல்லும் காரணம். மனிதர்களும் மிரள்வார்கள்தான்.

மழை, ஜெனரேட்டர் கோளாறு என்று மணிக்கணக்கில் காத்திருக்கும்போது?

வேலையைவிடக் காத்திருப்புதான் அதிகம் களைப்பூட்டும். அதிலும் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாத காத்திருப்பு. முதல் பத்து நிமிடத்திலேயே அறிவித்துவிடுங்கள்: "எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியலை. 4 மணிக்கு முடிவு சொல்றோம், அதுவரை எல்லோரும் உட்காரலாம்." 4 மணிக்கு, தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், திரும்ப வந்து பேசுங்கள். அந்த இரண்டாவது அறிவிப்பு வராமல் போகும்போதுதான் முணுமுணுப்பு தொடங்குகிறது.

வெளிப்புறக் காட்சி உள்ள ஒவ்வொரு நாளும், மழை வந்தால் எடுக்க ஓர் உட்புறக் காட்சி தயாராக இருக்கவேண்டும். நடிகர், உடை, செட் மூன்றும் தயாராக இருந்தால்தான் அதைத் தயார் என்று சொல்லலாம்.

செட்டில் கத்தினால்தான் வேலை நடக்கிறது என்கிறார்களே?

கத்தினால் அடுத்த அரை மணி நேரம் வேகமாக நடக்கும். அதற்கப்புறம் யாரும் எதையும் உங்களிடம் சொல்லமாட்டார்கள். லென்ஸில் தூசி இருந்ததைக் கவனித்த உதவியாளர் வாயை மூடிக்கொள்வார். அதை நீங்கள் எடிட்டிங்கில்தான் பார்ப்பீர்கள். கோபத்தில் கத்திவிட்டால், நாலு பேர் முன்னால் கத்தியதற்கு நாலு பேர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும். தனியாகக் கூப்பிட்டுத் தோளில் தட்டுவது கணக்கில் வராது.

சம்பளம் தாமதமாகிறது. யூனிட்டை எப்படி உற்சாகப்படுத்துவது?

முடியாது. சம்பளத்தைக் கொடுங்கள். கொடுக்க முடியவில்லை என்றால் எந்தத் தேதியில் கொடுப்பீர்கள் என்று தயாரிப்பாளரே வந்து சொல்லவேண்டும், உதவி இயக்குநரைத் தூது அனுப்பக்கூடாது.

பிறந்தநாள் கேக், விளையாட்டு, விருந்து இதெல்லாம் உதவுமா?

அடிப்படை சரியாக இருந்தால் உதவும். தூக்கமில்லாதவரை விருந்துக்கு இழுப்பது இன்னொரு மணி நேர வேலை.

இதைவிட நன்றாகப் பலிப்பது ஒன்று உண்டு. பதினைந்து, இருபது நாள் ஆனபிறகு, முடிந்த காட்சியில் இரண்டு நிமிடத்தை எடிட்டரிடம் ஒழுங்காக வெட்டி வாங்கி, சாப்பாட்டு இடைவேளை முடிவில் மொத்த யூனிட்டுக்கும் பெரிய திரையில் போட்டுக்காட்டுங்கள். லைட்மேனுக்கும், செட்டுக்குச் சாயம் அடித்தவருக்கும் தங்கள் வேலை என்னவானது என்று பார்க்க வாய்ப்பே கிடைப்பதில்லை. படம் வெளியாகும்போது பார்த்தால் உண்டு. திரையில் அந்தச் சுவர் வரும்போது சாயம் அடித்தவர் பக்கத்து ஆளின் விலாவில் இடிப்பார். காட்டும்போது முழு யூனிட்டும் இருக்கட்டும். ஆனால் சொதப்பிய காட்சியைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

இரண்டு துறைகளுக்குள் சண்டை. தலையிடலாமா?

அன்றைக்கே. பெரும்பாலும் சண்டை நேரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்: லைட்டிங்குக்கு நாற்பது நிமிடம் போனதால் மேக்கப்புக்குத் திட்டு விழுந்திருக்கும். இரண்டு துறைத்தலைவர்களையும் கால்ஷீட்டோடு உட்காரவைத்து, நாளைக்கு யாருக்கு எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள்.

பத்துப் பேர் கொண்ட, நண்பர்களே சேர்ந்து எடுக்கும் சின்னப் படத்துக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கூடுதலாகவே பொருந்தும். சம்பளம் வாங்காதவரிடம் கேட்க முடிவது நேரம் மட்டும்தான், அதை நட்பின் பெயரில் நீட்டிக்கொண்டே போகிறோம். முடியும் நேரத்தை முன்கூட்டியே சொல்லி, அந்த நேரத்தில் நிறுத்துங்கள். ஒரே ஆள் ஒலியும் பார்த்து, வண்டியும் ஓட்டி, நடிக்கவும் செய்கிறார் என்றால் அவருக்கு மட்டும் வாரத்தில் கூடுதலாக ஒரு நாள் விடுமுறை.

கடைசி வாரத்தில் கவனிக்க வேண்டியது?

ஆட்களின் மனம் அடுத்த படத்துக்குப் போயிருக்கும். அது இயல்பு. கனமான நடிப்பும் ஆபத்தான சண்டைக்காட்சியும் இந்த வாரத்தில் இருந்தால் இப்போதே முன்னால் இழுங்கள். ஒவ்வொரு நாளும் கடைசிக்கு முந்தைய ஷாட் எது என்று உரக்க அறிவிப்பது நல்ல பழக்கம். ஹாலிவுட்டில் அந்த ஷாட்டுக்கு ஆபி சிங்கர் என்ற உதவி இயக்குநரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தேவையில்லாத கருவிகளை அப்போதே கட்ட ஆரம்பித்துவிடலாம், பேக்கப்புக்குப் பிறகு அரை மணி நேரம் மிச்சமாகும்.

விட்டுப்போன ஷாட்டுகளின் பட்டியலைக் கடைசி நாளில் கையிலெடுக்காதீர்கள். நான்கு நாள் முன்னதாக எடிட்டரோடு உட்கார்ந்து, எது இல்லாமல் காட்சி நிற்காதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். கடைசி நாளில் நடிகர்களைவிட உதவியாளர்கள் அதிக நேரம் இருப்பார்கள். வாடகைக் கருவிகளை எண்ணி ஒப்படைக்க ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், அவர்களுக்கு அந்த நாட்களுக்கும் சம்பளமும் சாப்பாடும் உண்டு என்று பட்ஜெட்டிலேயே எழுதிவையுங்கள்.